கல்யாண ஆல்பத்தின் கலர் எங்கிருந்து வருகிறது? பிலிம் பிரிண்ட்டும் டிஜிட்டல் பிரிண்ட்டும்

பழைய கல்யாண ஆல்பத்தையும் போன வருடத்து ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் உடனே ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். "அந்தக் காலத்து பிலிம் கலரே தனி" என்பார் ஒருவர். "இப்போ எவ்வளவு தெளிவா இருக்கு பாரு, ஜரிகை இழை இழையாத் தெரியுது" என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் பார்த்துக்கொண்டிருப்பது காகிதத்தை. பிலிமையோ சென்சாரையோ யாரும் நேரில் பார்ப்பதில்லை. அந்தக் காகிதத்துக்குப் படம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்காதவரை இந்தச் சண்டை தீராது.

முதலில், பலரும் யோசிக்காத ஒரு விஷயம். 1990களின் பிற்பாதியில் ஃபுஜி நிறுவனம் ஃபிரான்டியர் என்ற டிஜிட்டல் மினிலேபை, அதாவது கடையிலேயே பிரிண்ட் போடும் சிறு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. நோரிட்சு நிறுவனமும் அதே வகை இயந்திரங்களைச் செய்தது. 2000க்குப் பிறகு கலர் லேப்களில் இவை பரவின. ரோலைக் கழுவுவது வரைக்கும் பழைய முறைதான். அதற்கப்புறம் இயந்திரம் நெகட்டிவை ஸ்கேன் செய்துகொள்ளும். சிவப்பு, பச்சை, நீல லேசர்களால் படத்தைக் கலர் காகிதத்தில் எழுதும். ஆக, 2004இல் ரோல் போட்டு எடுத்த படத்தை "அசல் பிலிம் பிரிண்ட்" என்று நீங்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்தால், அது டிஜிட்டல் பிரிண்ட்டாக இருக்க நிறையவே வாய்ப்புண்டு. இதன் மறுபக்கமும் சுவாரசியமானது. இன்றைக்கு டிஜிட்டல் கேமராவில் எடுத்து லேபில் போடும் சாதாரண பிரிண்ட் பல இடங்களில் ஒளி பட்டால் மாறும் வெள்ளி உப்பு பூசிய அதே கலர் காகிதத்தில்தான், ஆர்ஏ-4 என்ற அதே ரசாயன முறையில் கழுவித்தான் வருகிறது.

அசல் பழைய வழி எப்படி இருந்தது? கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு ஒளியைத் தனித்தனியாகப் பிடிக்கும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். 1972இல் கோடாக் அறிமுகப்படுத்திய சி-41 முறையில் 37.8 டிகிரி செல்சியஸ் டெவலப்பரில் 3 நிமிடம் 15 விநாடி பிலிம் கிடக்கும்போது, வெள்ளி உருவாகும் இடத்திலெல்லாம் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) சாயங்கள் பிறக்கின்றன. பிறகு வெள்ளி மொத்தமும் கரைத்து எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது சாயம் மட்டும். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற ஆரஞ்சு நிறம் பழுதல்ல. மெஜந்தாவும் சயானும் சுத்தமான சாயங்கள் இல்லை, விழுங்கக் கூடாத ஒளியிலும் கொஞ்சம் விழுங்கிவிடும். அந்தக் குறையை நேர்செய்யத்தான் அந்த ஆரஞ்சு. கலர் காகிதமும் இந்த ஆரஞ்சைக் கணக்கில் வைத்தே செய்யப்பட்டது. நெகட்டிவின் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், வேண்டுமென்றே குறைவு, காகிதத்தின் கான்ட்ராஸ்ட் வேண்டுமென்றே அதிகம். ஒன்றுக்காக ஒன்று அளவெடுத்துத் தைத்த ஜோடி.

இருட்டறையில் அந்த நெகட்டிவை என்லார்ஜர் என்ற பெரிதாக்கும் கருவியில் மாட்டி, லென்ஸ் வழியாகக் காகிதத்தில் விழச் செய்வார்கள். கலர் காகிதம் எல்லா நிற ஒளிக்கும் கூசும் என்பதால் கறுப்பு வெள்ளைக்கு இருந்த சிவப்பு பல்பு கூட இங்கே கிடையாது, கிட்டத்தட்ட முழு இருட்டு. நிறத்தைத் திருத்த இருந்தது மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்கள். வெளிச்சத்தைத் திருத்த நேரம். அவ்வளவுதான். புடவையின் சிவப்பை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும், முகத்தைத் தொடக் கூடாது என்றால் வழியே இல்லை. கான்ட்ராஸ்ட்டையும் லேசில் மாற்ற முடியாது. ஒரு மூலை அதிகம் வெளுத்தால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் நேரம் வெளிச்சம் விட்டு, மற்றதைக் கையால் மறைத்துச் சரிசெய்யலாம். நல்ல பிரிண்டரின் கை என்று சொன்னது இதைத்தான்.

சரி, நுணுக்கத்துக்கு வருவோம். இங்கே கணக்கு சுலபம், உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை.

கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில், அதாவது சுமார் 25 சென்டிமீட்டரில், மனிதக் கண் ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்தாறு கறுப்பு வெள்ளைக் கோட்டு ஜோடிகளைப் பிரித்தறியும். கூர்மையான கண்ணுக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். லேப்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று சொல்வதும் இதே அளவுதான்: ஒரு ஜோடிக்கு இரண்டு புள்ளி என்று வைத்தால் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6 ஜோடி. இப்போது 35 மி.மீ. பிலிமை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர். கையில் பிடித்து, சாதாரண லென்ஸில், சாதாரண கலர் நெகட்டிவில் எடுத்த படம் பிலிமின் மேல் மில்லிமீட்டருக்கு 50 ஜோடி பதித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், தாராளமான அனுமானம்தான். 8×12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் எட்டரை மடங்கு. 50ஐ 8.5ஆல் வகுத்தால் சுமார் 6. கண்ணின் எல்லையும் படத்தின் எல்லையும் சரியாகச் சந்திக்கும் இடம் இது. 12×18க்குப் போனால் 4 ஜோடிதான் மிஞ்சும். 20×30க்கு இரண்டரைக்கும் கீழே. கண் குறை சொல்ல ஆரம்பித்துவிடும்.

24 மெகாபிக்சல் கேமராவில் 6000க்கு 4000 பிக்சல். 8×12இல் அங்குலத்துக்கு 500 பிக்சல் வருகிறது, கண்ணுக்குத் தேவையானதைவிட அதிகம். 20×30இல் 200 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 4 ஜோடிக்குச் சற்றுக் குறைவு. ஆக, 35 மி.மீ. அளவில் நுணுக்கப் போட்டியில் டிஜிட்டல் ஜெயித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இதை மறுப்பவர்கள் பெரும்பாலும் 4×6 பிரிண்ட்டை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 4×6 பிரிண்ட்டுக்கு 300 புள்ளிக் கணக்கில் தேவைப்படுவதே 1800க்கு 1200 பிக்சல், இரண்டு மெகாபிக்சல் சொச்சம். அந்த அளவில் எந்தக் கேமராவும் எந்த பிலிமும் தோற்காது. கல்யாண ஆல்பங்களில் இப்போது வரும் 12×36 விரிபக்கம் வேறு கதை. முழுப் பக்கத்தையும் ஒரே படத்தால் நிரப்ப 3600க்கு 10800, கிட்டத்தட்ட 39 மெகாபிக்சல் வேண்டும். உயரமும் அகலமும் 1:3 விகிதம் என்பதால் 24 மெகாபிக்சல் படத்தில் மேலும் கீழும் வெட்டியது போக மிஞ்சுவது 6000க்கு 2000. அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். மடியில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு அது போதவே போதாது, ஆனால் டிசைனர் அந்த மாப்பிள்ளை பெண் படத்தைப் பனிமூட்டம் போட்டு மங்கலாக்கித்தான் வைத்திருப்பார் என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

வெறும் கோட்டு எண்ணிக்கை முழுக்கதை அல்ல. ஃபுஜியின் வெல்வியா 50 ஸ்லைடு பிலிமின் தகவல் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். பளிச்சென்ற கறுப்பு வெள்ளைக் கோடுகள் என்றால் மில்லிமீட்டருக்கு 160 ஜோடி. கான்ட்ராஸ்ட் 1.6க்கு 1 என்ற அளவுக்குக் குறைந்தால் 80 ஜோடி. நம் படங்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை: கன்னத்தின் தோல், பட்டின் மடிப்பு, மல்லிகைச் சரத்தில் வெள்ளைக்குள் வெள்ளையாக இருக்கும் இதழ் விளிம்புகள். இந்த மென்மையான வித்தியாசங்களைத்தான் பிலிமின் துகள் (படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகள்) முதலில் விழுங்கும். குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளிக்குக் கூசும் அளவு) எடுத்த டிஜிட்டல் படத்தில் துகள் இல்லாததால் அவை பிழைத்துக்கொள்கின்றன.

அச்சிடும் வழியிலும் இழப்பு உண்டு. கேமரா லென்ஸ் ஒரு நுணுக்கத்தின் கான்ட்ராஸ்ட்டில் 70 சதவீதத்தைக் கடத்துகிறது, பிலிம் அதில் 70, என்லார்ஜர் லென்ஸ் அதில் 70 என்றால் காகிதத்துக்கு வந்து சேர்வது 34 சதவீதம். கூடவே, பல்பின் சூட்டில் நெகட்டிவ் லேசாக வளையும். என்லார்ஜர் தலை நூல் பிடித்தாற்போல் நேராக இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். லேசர் இயந்திரத்தில் படத்தைப் பெரிதாக்கும் லென்ஸ் என்ற கட்டமே இல்லை என்பதால் பிரிண்ட் மூலைக்கு மூலை ஒரே கூர்மையில் வருகிறது. அதோடு கம்ப்யூட்டர் ஷார்ப்பனிங் (விளிம்புகளைக் கூர்மையாக்குவது) செய்து, வழியில் குறைந்த கான்ட்ராஸ்ட்டை மீட்டுக்கொள்ளவும் முடிகிறது. இந்த இடத்தில்தான் பலர் அளவு மீறுகிறார்கள். உங்கள் ஆல்பத்தில் கறுப்புத் தலைமுடி வெளிர்ச் சுவரைத் தொடும் இடத்தைப் பாருங்கள். முடியை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது அளவு மீறிய ஷார்ப்பனிங். பிலிம் படம் "மென்மையாக, இயல்பாக" இருந்தது என்று சொல்பவர்களுக்கு உறுத்துவது பாதி நேரம் இந்த வெள்ளைக் கோடுதான்.

பெரிய பிலிமுக்கு இந்தத் தோல்வி பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 4×5 அங்குலத் தாள் பிலிமை 16×20க்குப் பெரிதாக்க நான்கே மடங்கு போதும். ஆனால் அங்கேயும் உலகின் பெயர்பெற்ற வேலைகள் கலப்பு வழியில் நடந்தவை. ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கி 1999இல் செய்த ரைன் நதிப் படம் 2011இல் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தது பிலிமில், கரையில் இருந்த கட்டடத்தை நீக்கியது கம்ப்யூட்டரில், அச்சானது கலர் காகிதத்தில். அது பிலிம் பிரிண்ட்டா, டிஜிட்டல் பிரிண்ட்டா?

நிறத்தின் கதை இன்னும் சிக்கலானது, எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கோடாக்கில் இருந்த ரால்ஃப் எவான்ஸ் 1940களில் ஒரு யோசனை சொன்னார்: சாதாரணக் காட்சி ஒன்றின் எல்லா நிறங்களையும் கலந்து பார்த்தால் ஏறக்குறைய சாம்பல் வரும். ஆகவே பிரிண்ட் போடும் இயந்திரம் ஒவ்வொரு நெகட்டிவின் சராசரியையும் சாம்பலுக்கு இழுத்தால் பெரும்பாலான படங்கள் சரியாக வந்துவிடும். லட்சக்கணக்கான படங்களை ஆள் பார்க்காமல் அடித்துத் தள்ள இதுவே அடிப்படை ஆனது. இப்போது அந்த இயந்திரத்துக்குள் நம் மணப்பெண்ணை அனுப்புங்கள். அரக்குச் சிவப்புக் கூறைப் புடவை ஃபிரேமை நிறைத்திருக்கிறது. சராசரி சிவப்பாக இருக்கிறதே என்று இயந்திரம் எதிர்நிறமான சயானைக் கூட்டும். புடவை கொஞ்சம் வாடும், அது பெரிதாகத் தெரியாது. ஆனால் முகத்தில் பச்சை நீலச் சாயல் ஏறிவிடும். அடுத்த ஃபிரேமில் அதே பெண் தென்னந்தோப்புக்கு முன் நிற்கிறாள். இயந்திரம் மெஜந்தாவைக் கூட்ட, முகம் சிவக்கும். ஒரே ரோல், ஒரே பெண், அரை மணி நேர இடைவெளி, இரண்டு முகம். பழைய ஆல்பங்களில் இது சர்வசாதாரணம். இதைச் சரிசெய்ய மினிலேப் ஆபரேட்டருக்கு இருந்தவை சயான், மெஜந்தா, மஞ்சள், டென்சிட்டி (அடர்த்தி) என்ற நாலு விசைகள். நல்ல ஆபரேட்டர் முகத்தைப் பார்த்துத் தட்டுவார். அவசரக்காரர் இயந்திரம் சொன்னபடி விட்டுவிடுவார். "அந்த லேபில் கலர் நல்லா வரும்" என்று ஊரில் பேசிக்கொண்டது அந்த விரல்களைப் பற்றித்தான். இன்றைய கேமராவில் நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸும் இதே சராசரி யோசனையின் வாரிசு. தடுமாறுவதும் அதே சிவப்புப் புடவையிடம்தான்.

தோல் நிறத்தில் இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. லேப்கள் இயந்திரத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய மாதிரிப் படங்களுக்கு ஷிர்லி அட்டை என்று பெயர். அதில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது 1990களில்தான். மாநிறத்தையும் கறுப்பையும் சரியாகக் காட்ட வேண்டிய தேவையே அந்த அளவுகோலில் இல்லாமல் இருந்தது. டிஜிட்டலில் அந்தச் சாக்கு கிடையாது. ஆனால் நம் ஆல்பங்களில் முகத்தை மட்டும் வெளுக்க வைப்பது நின்றபாடில்லை. அதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது.

பிலிம் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: மிகை வெளிச்சம். பகல் பன்னிரண்டு மணி, கோயில் வாசல், வெள்ளை வேட்டி. கலர் நெகட்டிவில் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாக விழுந்தாலும் வேட்டியின் மடிப்பு அடர்த்தியாகப் பதிந்திருக்கும்; காகிதத்தில் கூடுதல் நேரம் கொடுத்தால் எழுந்து வரும். மேல் முனையில் பிலிம் மெல்ல மெல்லத்தான் தீர்கிறது. சென்சார் அப்படியில்லை. நிரம்பியதும் நின்றுவிடும், அதற்குமேல் வெறும் வெள்ளை. இருட்டுப் பக்கம் நேர் எதிர். வெளிச்சம் போதாமல் எடுத்த நெகட்டிவின் நிழல் பகுதி சேறு மாதிரி ஆகிவிடும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் டிஜிட்டல் ரா ஃபைலில் நிழலுக்குள் இருந்து நிறைய மீட்கலாம். அதனால்தான் பிலிம்காரர்கள் கொஞ்சம் தூக்கியே எடுப்பார்கள், டிஜிட்டல்காரர்கள் கொஞ்சம் குறைத்து எடுப்பார்கள்.

டிஜிட்டலில் இன்னொரு பொறி, மறுபடி அந்தச் சிவப்புப் பட்டு. சென்சாரின் மேல் பதித்த வண்ணக் கட்டங்கள் கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். ஹாலோஜன் விளக்கில் சிவப்புப் புடவையை எடுத்தால் சிவப்பு மட்டும் நிரம்பி வழியும், மொத்த வெளிச்ச அளவோ சரியாக இருப்பதாகவே திரையில் காட்டும். பிரிண்ட் போட்டால் புடவை ஒரே சிவப்புத் திட்டாக வரும். மடிப்பு இல்லை, புட்டா இல்லை. மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பார்க்கிறவர்கள் தப்பிப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒளியிலும் வினோதங்கள் உண்டு. அஜெரட்டம் போன்ற சில நீலப் பூக்கள் கண் சரியாக உணராத தொலைசிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகின்றன. கலர் பிலிமுக்கு அந்த ஒளி தெரியும், அதனால் நீலப் பூ பிரிண்ட்டில் இளஞ்சிவப்பாக வரும். சில துணிச் சாயங்களும் இப்படித்தான். டிஜிட்டல் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால் இந்தக் கோளாறு குறைவு. அந்தக் கண்ணாடி போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2006இல் வந்த லைக்கா எம்8 கேமரா காட்டியது: செயற்கை இழைக் கறுப்புக் கோட்டுகள் ஊதாவாக வந்தன.

அப்புறம், காகிதத்தின் எல்லை. பளபளப்பான கலர் பிரிண்ட்டில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் நூறு, நூற்றைம்பது மடங்கு, அதாவது ஏழு ஸ்டாப் அளவில் முடிந்துவிடுகிறது. நல்ல நெகட்டிவும் நல்ல சென்சாரும் அதைவிட மிக அதிகம் பதிகின்றன. எதை விட்டு எதைக் காட்டுவது என்று யாரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் வேண்டும். நிறத்திலும் அப்படியே. மயில்கழுத்துப் பட்டின் அடர்ந்த நீலப்பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்கள் பொதுவாகக் கேட்கும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (ஃபைலில் அடங்கும் நிறங்களின் எல்லை) அந்தப் பகுதி மிகக் குறுகலானது. காகிதத்தால் காட்ட முடிகிற நீலப்பச்சையில் கூட ஒரு பங்கு, ஜேபெக் ஆகும்போதே வெட்டுப்பட்டுவிடுகிறது. எட்டு, பத்து மை போடும் இங்க்ஜெட் பிரிண்டரில், அகன்ற நிறவெளியில் வைத்த ஃபைலை நல்ல காகிதத்தில் அச்சிட்டால் அந்த நிறமும் அழுத்தமான ஆரஞ்சும் வேறு எந்த வழியிலும் வராத அளவுக்கு வரும். நிறத்தின் வீச்சு மட்டும்தான் கேள்வி என்றால் என் ஓட்டு இங்க்ஜெட்டுக்கு. முகத்தின் நிறம் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு வழுக்கிக்கொண்டு போவதுதான் கேள்வி என்றால், லேசரில் எழுதிய வெள்ளி உப்புக் காகிதத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

கறுப்பு வெள்ளையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் காகிதமும் விற்ற காலம் போய்விட்டது. ஆனால் கறுப்பு வெள்ளையில் வெள்ளிக் காகிதமும் என்லார்ஜரும் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன. அங்கே படம் சாயத்தால் ஆனதல்ல, வெள்ளியால் ஆனது. நிறப்பிழை என்ற பேச்சே இல்லாததால் அச்சிடுபவரின் முழுக் கவனமும் அடர்த்தியில் இருக்கும்.

இப்போது மறுபடி ரோல் போட்டு எடுக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவர்களில் பலர் நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போடுவதே இல்லை. லேப் ஸ்கேன் செய்து அனுப்பும் ஜேபெக்தான் அவர்களுக்கு பிலிம். "பிலிம் கலர்" என்று அவர்கள் கொண்டாடும் அந்தத் தேன் நிறத்தில் ஸ்கேனரின் மென்பொருளுக்கும், ஸ்கேன் செய்தவரின் ரசனைக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே நெகட்டிவை ஃபிரான்டியரிலும் நோரிட்சுவிலும் ஸ்கேன் செய்து பார்த்தால் இரண்டு வெவ்வேறு பிலிம் என்றே தோன்றும்.

வீட்டில் பழைய நெகட்டிவ் இருந்து மறுபடி பெரிதாகப் போட விரும்புகிறவர்களுக்கு நடைமுறையில் சில விஷயங்கள். ஆல்பத்தில் இருக்கும் பிரிண்ட் சிவந்து போயிருந்தால் அதை ஸ்கேன் செய்வதற்கு முன் நெகட்டிவைத் தேடுங்கள். 35 மி.மீ. நெகட்டிவை அங்குலத்துக்கு 4000 புள்ளியில் ஸ்கேன் செய்தால் சுமார் 21 மெகாபிக்சல் கிடைக்கும். அதற்குமேல் போனால் துகள்தான் பெரிதாகும். லேப் வழக்கமாகக் கொடுக்கும் சிறிய ஜேபெக்குக்குப் பதிலாக நிற விவரம் குறையாத 16 பிட் டிஃப் ஃபைலாக, ஷார்ப்பனிங் போடாமல் கேளுங்கள். ஷார்ப்பனிங்கைப் பிரிண்ட் அளவு முடிவான பிறகு போட்டுக்கொள்ளலாம். கான்ட்ராஸ்ட் கொஞ்சம் மட்டமாகத்தான் தெரியும், அப்படி இருப்பதுதான் நல்லது. 8×12 வரை தயங்காமல் போடலாம். 12×18க்குமேல் போவதானால் முகம் இருக்கும் பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு சிறு துண்டாகப் போட்டுப் பார்த்துவிட்டு முழுப் பிரிண்ட்டுக்குச் சொல்லுங்கள். நெகட்டிவ் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், உறையோடு லேபில் கொடுத்து அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள்.